பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்பது சதவீதம்

தம்பி வரித்துறையில் அதிகாரி. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வேறு நாடு. அக்காவைக் கட்டிக்கொடுத்தது அங்கேதான். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு நான்கு வருடமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இலவசமாக டயாலிசிஸ். ஊசி குத்திக் குத்திப் புடைத்து, ரத்தக்குழாய் அதிர்கிற கையை நீட்டி, "உள்ள மோட்டார் ஓடுது, தொட்டுப் பாரு" என்று கேலி செய்கிறவள் அவள்.

மாமா அங்கே பம்பு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். அந்தக் கம்பெனி கட்டுகிற வரியில்தான் ஊர் ஆஸ்பத்திரியே ஓடியது.

போன வருடம் தம்பியின் துறைக்கு மேலிடத்து உத்தரவு வந்தது: வெளிநாட்டுக் கம்பெனிகளை எப்பாடுபட்டாவது இழுக்க வேண்டும். இருபத்திரண்டு சதவீத வரியை ஒன்பதாக்கும் கோப்பைத் தம்பிதான் தயாரித்தான். கடைசிப் பக்கத்தில் 'அண்டை நாட்டுக்கு ஏற்படும் பாதிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று எழுதுவது அந்த அலுவலகத்து வழக்கம். தேதி போடுகிற மாதிரி எழுதிவிட்டு அடுத்த கோப்பை எடுப்பார்கள். தம்பியும் எழுதினான். கூடப் பிறந்தவள் அந்த அண்டை நாட்டில்தான் இருக்கிறாள் என்பது அந்த மகானுபாவனுக்கு அப்போது உறைக்கவே இல்லை.

ஆறே மாதத்தில் பம்பு கம்பெனி பாலத்தைத் தாண்டி வந்தது. வந்தது என்றால் மிஷின் வரவில்லை, ஆள் வரவில்லை. ஒரு பெயர்ப்பலகை வந்தது. தம்பி ஆசையாகப் போய்ப் பார்த்தான். மூன்றாவது மாடியில் ஓர் அறை, நான்கு நாற்காலி, நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த ஒரு பெண். பம்பு அக்கா ஊரில்தான் தயாரானது, மாமாவும் அதே லேத்தில்தான் நின்றார். லாபம் மட்டும் இந்த அறையில் விளைந்ததாகக் காகிதத்தில் இருந்தது. திருடனுக்குக்கூட இவ்வளவு சுத்தமான வேலை வராது.

அக்காவின் நாடு சும்மா இருக்குமா? போட்டி போட்டு எட்டாகக் குறைத்தது. போன கம்பெனியும் திரும்பவில்லை, இருந்த வரியும் போயிற்று. ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை டயாலிசிஸை நிறுத்தினார்கள்.

"இனிமே ரெண்டு நாள்தானாம்டா. எனக்கு ஒரு நாள் லீவு கிடைச்சாச்சு" என்று போனில் சிரித்தாள். அந்த இரண்டு வார்த்தைக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

அவளைத் தன் பக்கம் கூட்டிவர நாயாய் அலைந்தான். தனியார் ஆஸ்பத்திரி அவன் சம்பளத்துக்கு எட்டாது. அரசு ஆஸ்பத்திரியிலோ, வரியைக் குறைத்த பிறகு புது மிஷின் வாங்குவதே நின்றுபோயிருந்தது. உள்நாட்டுக்காரர்களே நூற்று நாற்பது பேர் வரிசையில் காத்திருந்தார்கள்.

அவன் பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது அக்கா வார்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். முகமும் காலும் நீர் கோத்து வீங்கியிருந்தன.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வரியைக் குறைச்ச கோப்பு... எழுதினது நான்தான்."

"தெரியும்டா."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"பேப்பர்ல மந்திரி பக்கத்துல உன் போட்டோ வந்துச்சே. வார்டு பூரா காட்டினேன், என் தம்பி எவ்வளவு பெரிய ஆளாயிட்டான் பாருங்கன்னு." மூச்சுக்காக நிறுத்தினாள். "சனிக்கிழமையை நிறுத்தின அப்புறம்தான் நர்ஸ் விளக்கிச் சொன்னா. பக்கத்து பெட்டுக்காரி அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசவே இல்லை."

பக்கத்துக் கட்டிலில் விரிப்பு புதிதாக மாற்றியிருந்தது.

"அவங்க எங்க?"

"போயிட்டா, புதன்கிழமை."

தம்பி அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான்.

"அழாதேடா. மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதே. எனக்கப்புறம் அவருக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

அப்போதுதான் மாமா வேலை முடிந்து, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு உள்ளே வந்தார். அவனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா மாப்ளே! உங்களுக்குத்தான் மேல எல்லாரையும் தெரியுமே. யாரையாவது பிடிச்சு, இவளுக்கு அந்த மூணாவது நாளை மட்டும் வாங்கிக் குடுங்க."

அக்கா அவன் கையை இறுக்கினாள்.

"பார்க்கிறேன் மாமா" என்றான்.

மாமா அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார்.