லட்சம் கோடிக்கு ஒன்பது குறைவு

ஃபிர்தௌஸுக்குச் சர்க்கரை. காலையில் மாத்திரை போட்டால் பன்னிரண்டரைக்கெல்லாம் சோறு உள்ளே போயாக வேண்டும்; தவறினால் கண்ணில் பூச்சி பறக்கும். ஆனால் பாகலூர் ரோட்டில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில், புஷ் என்னும் இரும்பு வளையங்களை அடுக்கிக் கட்டும் பேக்கிங் பெண்களுக்குக் கடைசிப் பந்திதான், ஒன்றரை மணிக்கு. பன்னிரண்டரை மணி முதல் பந்தி, அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமுக்கு. மேனேஜரிடம் இரண்டு முறை கேட்டாயிற்று. "போர்டுல ஜெயிச்சு வாங்கிக்கோங்கம்மா" என்று கைவிரித்துவிட்டார்.

போர்டு என்றால் கேன்டீன் வாசலில் இருக்கும் கரும்பலகை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் டூல் ரூம் அதில் ஓர் எண்ணை எழுதும். பன்னிரண்டரை மணி அடிப்பதற்குள் அதை, ஒன்று அல்லாத இரண்டு எண்களின் பெருக்கலாக உடைக்கிற பிரிவுக்கு அடுத்த ஆயுத பூஜை வரை முதல் பந்தி; அந்தப் பிரிவின் பந்தி டூல் ரூமுக்கு. போனெல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆறு வருஷமாக யாரும் உடைக்கவில்லை.

எழுதுகிறவர் டூல் ரூம் பெருமாள், பல்சக்கரம் வெட்டுகிறவர். சக்கரத்தைச் சமமாகப் பிரிக்க அவரிடம் நாற்பத்தொன்பது துளை வரை போட்ட இரும்புத் தட்டுகள் உண்டு. தட்டுக்குள் அடங்காத எண்ணுக்கு அவரால் பல் வெட்ட முடியாது. முப்பது வருஷம் அந்தத் தட்டுகளோடே இருந்தவர் பாருங்கள், தட்டில் அடங்காத எண் உலகத்தில் எதிலுமே அடங்காது என்று முடிவே கட்டிவிட்டார்.

இந்த வருஷத்து எண்: 999999999991.

"பதினோரு ஒம்போது, வாலுல ஒரு ஒண்ணு. நாப்பத்தொம்போது வரைக்கும் எல்லாத்துலயும் வெச்சுப் பாத்துட்டேன். பிரிக்கவே ஆவாதும்மா" என்றார் பெருமாள்.

"வாங்கக்கா போலாம், இதப் பாத்தாலே தல சுத்துது" என்று இழுத்தாள் கூட வேலை செய்யும் ஜோதிமணி.

"சோறு லேட்டானா எனக்குந்தான் சுத்துது. இரு ஜோதி."

மணி பன்னிரண்டே கால். ஃபிர்தௌஸ் எண்ணை வாலிலிருந்து படித்தாள். இன்னும் ஒன்பது சேர்ந்தால் சரியாக லட்சம் கோடி. ஒன்பது குறைகிறது, அவ்வளவுதானே! சாக்பீஸை எடுத்தாள்.

"அண்ணே, நாங்க மேசையில புஷ் அடுக்கறத பாத்திருக்கீங்களா? பத்துக்குப் பத்து, நூறு. ஒம்போது பத்தலன்னா மூலையில மூணுக்கு மூணு ஓட்ட விழும். அப்படியே பிளாஸ்டிக் சுத்துனா மூல நசுங்கிரும். அதனால ஓட்டைக்குப் பக்கத்துல இருக்கற மூணு வரிசைய எடுப்போம். வரிசைக்கு ஏழு இருக்கும். அதத் திருப்பி மிச்சத்துக்குப் பக்கத்துல ஒட்டிருவோம். இப்ப ஏழு வரிசை, வரிசைக்குப் பதிமூணு. ஓட்டயே இல்ல."

"அது வெறும் தொண்ணூத்தொண்ணும்மா. இது எங்க, அது எங்க!"

"மேசைதான் பெருசு, அடுக்கறது ஒண்ணுதான். பத்து லட்சத்துக்குப் பத்து லட்சம் வெச்சா லட்சம் கோடி. ஒம்போது குறையுது. அதே மூணுக்கு மூணு ஓட்ட. ஒரு பக்கம் மூணு எடுங்க, மறு பக்கம் மூணு சேத்துருங்க."

எழுதினாள்: 999997 × 1000003.

பெருமாள் சாக்பீஸை வாங்கிக் கீழேயே பெருக்கினார். பத்து லட்சத்தால் பெருக்கி 999997000000 என்று எழுதினார். மூன்றால் பெருக்கி 2999991. இரண்டையும் கூட்டினார். பதினோரு ஒன்பது வந்தது; வாலில் ஒன்றும் வந்தது. அடித்துவிட்டு மறுபடி கூட்டினார். மறுபடியும் அதுவே.

"எந்தத் தட்டுலயும் நிக்கலியே இது" என்றார், போர்டைப் பார்த்தபடியே.

"உங்க தட்டு நாப்பத்தொம்போதோட முடிஞ்சிருதுங்கண்ணே. எண்ணு அதுக்கு மேலயும் போவுது."

மணி அடித்தது. டூல் ரூம் முனிவேல் பழக்கதோஷத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். ஜோதிமணி குறுக்கே நின்றாள். "எங்க சார் கெளம்பிட்டீங்க? ஒன்றரைக்கு வாங்க."

ஃபிர்தௌஸ் கை கழுவிவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சோற்றில் ஆவி பறந்தது. வாசலிலேயே நின்ற பெருமாள் மெல்லக் கேட்டார், "ஒன்றரைக்கு என்னம்மா மிச்சம் இருக்கும்?"

"பொரியல் இருக்காது. ரசம் ஆறிருக்கும்" என்றாள் அவள், சாம்பாரைப் பிசைந்துகொண்டே. "ஒரு வாரத்துல பழகிரும்ணே."