கொட்டாங்குச்சியில் எடுத்த பெயர்

கலங்கரை விளக்கின் ஒளி மெல்ல வெளுத்து, கீழ்வானம் நெத்திலியின் வயிறுபோல் மின்னத் தொடங்கும் பொழுதில், பழவேற்காட்டு ஏரி கடலோடு கலக்கும் கழிமுகத்தை ஒருமுறை பார்ப்பீராக, படிப்பவரே! தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் நீரருந்தக் குனிந்த பெரும்பறவைகள்போல் நிற்க, வடக்கே சேற்றுத் திடலில் பூநாரைகள் ஒற்றைக்காலில் உறங்க, இடைப்பட்ட நீர்ப்பரப்பில் அன்றைய பாடு பெற்ற படகுகள் மட்டும் கோடிழுத்துச் செல்லும். நினைத்தவர் நினைத்த இடத்தில் வலைவிரிக்கும் ஏரியன்று இது. இன்ன நாளில் இன்ன இடம் இன்னார்க்கு என்று ஊர்கூடிச் சீட்டெடுத்துப் பகிர்ந்துகொள்வர். அம்முறைக்கே பாடு என்று பெயர். ஊர்ப்பட்டியலில் பெயர் இல்லாதார் கரையில் நின்று பிறர் பிடித்த மீனைச் சுமப்பர்.

அவ்வாறு வாழ்நாளெல்லாம் சுமந்தவர் ராபர்ட். அவர் மகள் பிலோமினா, முப்பத்தாறு அகவையினள், லைட்ஹவுஸ் குப்பத்துச் சாலையோரம் நண்டுக்கூடம் ஒன்று நடத்திவந்தாள். நண்டை வேகவைத்து, ஓடுடைத்து, சதையைப் பிரித்து, பனிக்கட்டியில் அடுக்கிச் சென்னைக்கு அனுப்புவது அதன் தொழில். அங்குப் பணிபுரிந்த பதின்மரும் பாடில்லாக் குடிகளின் பிள்ளைகள். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், பெற்றோரை இழந்தவர்கள், வேறெவரும் வேலைக்கு அழைக்காதவர்கள். இரக்கத்தால் ஒருநாள் வாங்கியவர் மறுநாள் வாங்கார் என்பதைப் பிலோமினா அறிவாள். ஆதலின் சரக்கு குறையற்றிருத்தல் வேண்டும், அதைச் செய்யும் கைகளும் இவர்களுடையனவாகவே இருத்தல் வேண்டும் என்று உறுதி பூண்டிருந்தாள்.

பிரித்த சதையில் ஓட்டுத்துணுக்கு ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று விரலால் தடவித் தேர்ந்து, பெட்டியை மூடித் தன் பெயரை எழுதும் பணிக்குக் ‘கடைசிக் கை’ என்று பெயர். கூடத்தில் அதனினும் பெருமையுடையது வேறில்லை. பத்துப் பெயர்களைக் கொட்டாங்குச்சியில் இட்டு நாளுக்கு ஒன்றாக அவள் எடுப்பாள். எடுத்த பெயர், சுற்று முடியும்வரை திரும்பாது.

பெருவிடுதி ஒன்று முதன்முறையாக அறுபது பெட்டி கேட்ட நாள் அது. ஓர் ஓட்டுத்துணுக்கு அகப்பட்டாலும், பதினொரு மணிக்கு வண்டி புறப்படாவிட்டாலும் ஆண்டு முழுமைக்குமான கொள்முதல் கைநழுவும். அது நழுவினால் மழைக்காலத்தைக் கூடம் தாங்காது. கொட்டாங்குச்சியில் எஞ்சியவை இரண்டு பெயர்கள். ஒன்று, கூடத்திலேயே விரைந்த கையுடைய குப்பன். மற்றொன்று பவித்ரா, மீன்தூள் அரைக்கும் பொறியொன்று அவள் வலக்கையின் மூன்று விரல்களைப் பதினேழாம் அகவையில் கொண்டுபோயிருந்தது.

பிலோமினா எடுத்தாள், பவித்ராவின் பெயரைக் கண்டாள், சீட்டை உள்ளங்கையில் இறுக மூடினாள்.

“குப்பன்,” என்றாள்.

“ஐயோ, இன்னிக்கா? நேத்து வந்திருந்தா தூங்கிக்கினே பாத்திருப்பேன்!” என்றான் குப்பன். எல்லோரும் நகைத்தனர். பவித்ராவும் நகைத்து, ஓடுடைக்கும் பலகைக்கு நடந்தாள்.

அப்போதுதான் பிலோமினா அவள் கையுறையைக் கண்டாள். வெற்றாய்த் தொங்கும் மூன்று விரல்களையும் மடித்து, நுண்ணிய தையலிட்டு, தன் முறைக்கென்றே அவள் புதிதாய் அணிந்துவந்திருந்தாள். கண்டதும், நீரில் அமிழ்த்திய பந்து கைதளர்ந்ததும் மேலெழுவதுபோல், தந்தையின் நினைவு எழுந்தது. முன்னொருநாள் ஊரார் இரங்கி, அவர் பெயரையும் பாடு பகிரும் சீட்டில் இடுவதாகச் சொல்ல, ராபர்ட் இரவல் வலையின் கிழிசலெல்லாம் தைத்துக் காத்திருந்தார். பெயர் வரவில்லை; இடப்படவே இல்லை என்பது பின்னரே தெரிந்தது. “ஏன் நைனா கேக்கல?” என்று அழுத சிறுமியிடம் அவர் சொன்னார்: “கேட்டுட்டா, அப்புறம் அவங்க மூஞ்சில எப்டி முழிக்கிறது பாப்பா?”

எட்டுப் பெட்டிகள் முடிந்திருந்தன. வியர்வையில் நனைந்த சீட்டை எல்லோரும் காணப் பலகைமேல் விரித்துவைத்தாள் பிலோமினா.

“இன்னிக்குப் பாடு பவித்ராவுது. நான் மாத்திப் படிச்சிட்டேன்.”

“இன்னாக்கா, கண்ணு கோளாறா? கண்ணாடி போடு,” என்றான் குப்பன்.

“கண்ணு நல்லாதான் இருக்குது. தெரிஞ்சேதான் மாத்துனேன்.”

பவித்ரா தலைகுனிந்தபடி சொன்னாள்: “எனக்குத் தெரியும்க்கா. என் சீட்டுப் பின்னாடி மஞ்சக் கறை இருக்கும். நீ எடுக்கும்போதே பாத்துட்டேன்.”

“அப்புறம் ஏன்டி வாயத் தொறக்கல?”

“பத்து பேரு சோறாச்சேக்கா.”

குப்பன் எழ, பிலோமினா கடைசிக் கையின் இருக்கையை இழுத்து அவளுக்காக இட்டாள். அவன் தான் முடித்த எட்டுப் பெட்டிகளையும் அவள்முன் நகர்த்தி, “இதையும் பாரு. பேரு உன்னுதுதானே போவப்போவுது,” என்றான்.

விடுதியின் கொள்முதலாளர் ஆபிரகாம் வண்டியோடு வந்து காத்திருந்தார்; பதினொன்று ஆனதும் கேட்டார்: “இன்னாம்மா பிலோமினா, டைம் சொல்லிட்டுக் கல்யாணப் பந்திக்குக் காக்கவெச்ச மாதிரி உக்கார வெச்சிட்ட?”

“பந்தின்னா சோறு வருமேண்ணே,” என்றான் குப்பன்.

ஆபிரகாம் சினத்தோடு உள்ளே நுழைந்தவர், பவித்ராவின் அருகில் நின்றுவிட்டார். பெருவிரலும் சுண்டுவிரலும் இடக்கையின் துணையோடு சதையை இழையிழையாய்ப் புரட்டின. நகக்கீற்றளவு துணுக்கொன்று தட்டில் விழுந்தது. அவள் நிமிரவில்லை. அவர் வெளியே சென்று தொலைபேசியில் பேசியது எல்லோர்க்கும் கேட்டது: “முக்கா மணி லேட்டாவும் சார்… வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஒரு பொண்ணு பாத்துக்கினு இருக்குது. அது முடிக்காம நான் ஏத்தமாட்டேன்.”

அறுபது பெட்டியில் ஓட்டுத்துணுக்கு ஒன்றுகூட விடுதிக்கு அகப்படவில்லை. எனினும் நேரந்தவறியதை அது பொறுக்கவில்லை. இன்னொருமுறை தவறினால் கொள்முதல் நிற்கும் என்று எச்சரித்தே, வாரம் இருமுறை சரக்கு கேட்டது. பிலோமினா சந்தையோடு வழக்காடவில்லை. சீட்டெடுப்பை முந்தைய மாலைக்கு மாற்றி, பவித்ராவின் முறை வரும் நாளில் அடுப்பை ஒருமணி முன்னதாகவே மூட்டினாள். பதின்மரும் முன்னதாகவே வந்தனர். “உன்னாலதான் என் தூக்கம் போச்சு,” என்று குப்பன் முணுமுணுப்பதும், “நீ இங்க வந்துதானே தூங்குற,” என்று பவித்ரா சொல்வதும் அந்நாள்களின் வாடிக்கையாயிற்று.

ஏரியின் பட்டியலில் அவர்கள் பெயர் இன்றளவும் ஏறவில்லை. பாடு பெற்ற படகுகள் அவர்களைக் கடந்தே விடியலில் செல்கின்றன. ஆயினும் சாலையோரத்து அந்தச் சிறு கூடத்தில், இட்ட பெயர் இட்டவாறே வெளிவருகிறது. அன்றுமுதல் பிலோமினா சீட்டெடுப்பதில்லை. அந்தந்த நாளின் கடைசிக் கையாய் இருந்தவர் மறுநாளுக்கான சீட்டை எடுத்து, உள்ளங்கையை விரித்து, எல்லோரும் காணப் படிக்கிறார். கூட்டத்தில் ஒருத்தியாய் நின்று, தன் பெயர் அதில் இல்லாவிடினும் பிறர் பெயர் ஒன்றும் மறைக்கப்படாத மகிழ்ச்சியோடு, அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.