கரடி வந்த ஞாயிறுகள்

அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் நின்றிருந்த பஞ்சடைத்த கரடி, கண்ணாடிக்காரர் வீட்டுக்கு முதன்முதலாக வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கணவனும் மனைவியும் வெளியே கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டப்போகிற நேரம். வாசலில் கிடந்த மற்றச் செருப்புகளைக் கரடி பார்த்தது. பிறகு தன் கால்களைப் பார்த்தது. கழற்ற ஒன்றும் இல்லாததால் சங்கடப்பட்டு, மிதியடியில் பாதங்களை நன்றாகத் துடைத்துக்கொண்டது. அந்த மரியாதையைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் கதவைப் பூட்ட மனசு வரும்? கண்ணாடிக்காரர் செருப்பைக் கழற்றினார். அவர் மனைவி கழற்றவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டியபடியே கூடத்தில் வெகுநேரம் நின்றாள். பிறகுதான் டீ போடப் போனாள்.

கரடியைக் குற்றம் சொல்ல முடியாது. அழைத்தவர் கண்ணாடிக்காரர்தான். மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி வந்த அவருக்கு வாயெல்லாம் மரியாதை. கடைக்கு வந்தவர், வழி கேட்டவர், பேருந்தில் காலை மிதித்தவர், யாராக இருந்தாலும் பிரியும்போது "ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்க" என்று சொல்லிவிடுவார். எல்லோரும் சொல்வதுதான். யாரும் வரப்போவதில்லை என்று சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் உலகமே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. முந்தைய ஞாயிறு கரடியின் எதிரில் நின்றபோது அதன் இடது கண் சற்று விலகியிருப்பது அவருடைய தொழில் கண்ணில் பட்டுவிட்டது. "பார்வை கொஞ்சம் கோணலா இருக்கே. அப்படியே விட்டா தலைவலி வரும். ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்க, சரி பண்ணிடலாம்" என்றார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இதெல்லாம் வெறும் பேச்சு என்று கரடிக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே யாரும் இல்லை.

அவள் அன்று ஏன் கைப்பையை இறக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, ம், விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் பால் பொங்கும்போதுகூடத் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் வீடு திரும்பும்போது அவர் கடையில் இருப்பார், அவர் கடையை அடைத்துவிட்டு வரும்போது அவள் தூங்கியிருப்பாள். வாரத்தில் ஆறு நாளும் தட்டு போட்டு மூடிவைத்த சாப்பாட்டை வைத்துத்தான் ஒருவர் உயிரோடிருப்பதை மற்றவர் தெரிந்துகொண்டார். இனி பிள்ளை பிறக்காது என்று டாக்டர்கள் கைவிரித்த வருடம், வீட்டில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அழ வேண்டாமே என்று ஞாயிறுதோறும் வெளியே கிளம்பினார்கள். அருங்காட்சியகம், மீன் காட்சியகம், மெழுகுப் பொம்மைக் கூடம், பழைய ரயில் எஞ்சின் நிற்கும் பூங்கா. எல்லாம் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற இடங்கள். டிக்கெட் கொடுப்பவர் "பசங்க எத்தனை பேர்?" என்று கேட்டால், "நாங்க ரெண்டு பேருமே பசங்கதான்" என்பார் கண்ணாடிக்காரர். அந்தப் பதிலுக்கு வயதாகிக்கொண்டே போனது, அவள் சிரிப்புக்கு ஆகவில்லை. உள்ளே போனால் சுவரில் எழுதியிருப்பதையெல்லாம் அவள் செய்தி வாசிப்பவள் குரலில் படிப்பாள். எலும்புக்கூடுகளைக் கண்டால் எங்கே முறிந்து எங்கே கூடியிருக்கிறது என்று தடவிக் காட்டப் போய்க் காவலரிடம் திட்டு வாங்குவாள். அவர் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார், கூரைக்குக் கீழேயும். ஒரு வாரத்துக்கு வேண்டிய புருஷனை அவள் அந்த ஒரு நாளில்தான் மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம், கண் சரியாகி நேராகப் பார்த்த கரடி எழுந்து நின்று தலையசைத்தது. கண்ணாடிக்காரர் வாசல்வரை வந்து "போயிட்டு வாங்க" என்றார். வேறு என்ன சொல்வார்? கரடி போயிற்று. சொன்னபடியே அடுத்த ஞாயிறு வந்தது.

தனியாகவும் வரவில்லை. மெழுகுப் பொம்மைக் கூடத்துத் தளபதி வந்தார், வெயிலுக்குப் பயந்து நிழல் பார்த்துப் பார்த்து. அவருக்கு மின்விசிறியின் நேர் கீழே நாற்காலி போட்டார்கள், டீ மட்டும் ஆறவைத்துக் கொடுத்தார்கள். தலையில்லாத கற்சிலை அம்மாள் வந்தார். காது இல்லாதவருக்கு அழைப்பு எப்படிக் கேட்டது என்பதை இன்றுவரை யாரும் விளக்கவில்லை, ஆனால் வந்திருந்தவர்களில் அதிகம் தொந்தரவு கொடுக்காதவர் அவர்தான். ரயில் எஞ்சின் தெருமுனைவரை வந்து, சந்து குறுகல் என்பதால் அங்கேயே நின்று ஒரு தரம் கூவியது. கண்ணாடிக்காரர் அதற்கும் டீ எடுத்துப் போனார். இவர்கள் எல்லோரையும் ஏதோ ஒரு ஞாயிறு அவர் வாயார அழைத்திருந்தார். எல்லோரையும் ஞாயிறுதோறும் "போயிட்டு வாங்க" என்றே அனுப்பினார். எல்லோரும் போய்விட்டு வந்தார்கள்.

அருங்காட்சியகத்துக் காப்பாளர் முதலில் கரடியின் காலி மேடையில் "பராமரிப்பில் உள்ளது" என்று எழுதி வைத்தார். பிறகு விசாரித்துக்கொண்டு கோபமாகவே வீட்டுக்கு வந்தார். "அடடே, நீங்களா, உட்காருங்க, சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று கண்ணாடிக்காரர் சொல்லவும் உட்கார்ந்தவர், உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து கரடியின் பக்கத்தில் நின்றே பழகியவர், முதல் தடவையாக அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அந்தச் சுகம் விடவில்லை. அவரும் வாரம் தவறாமல் வரத் தொடங்கினார். காப்பாளரே அங்கே இருக்கிறார் என்றதும் ஊரில் மிச்சமிருந்தவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு நாள் அவள் பல் துலக்கிவிட்டுத் துண்டோடு வெளியே வரும்போது, முன்பின் தெரியாத ஒருவர் தன் மகளிடம் அவளைச் சுட்டிக்காட்டி, "இவங்க இந்த வீட்டுல வாழ்ந்தவங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜின் மேல் யாரோ "தொடாதீர்கள்" என்று ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தன் வீட்டுப் பாலை எடுக்க அவள் ஒரு கணம் தயங்கினாள். அந்தத் தயக்கத்தில்தான் அவளுக்குப் பயம் பிடித்தது.

அவள் படித்தவள், விஷயத்தின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "நீங்க 'வாங்க'ன்னு சொல்லித்தானே அனுப்பறீங்க? அதான் வர்றாங்க. 'போங்க'ன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். கண்ணாடிக்காரர் முயற்சி செய்தார். கரடி எழுந்தது. அவர் தொண்டையைக் கனைத்தார். "போ..." என்றார். நெற்றியில் வியர்த்தது. "போ... போ..." என்று திணறியவர், கரடியின் நேரான இரண்டு கண்களையும் பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். வாசலில் நிற்கும் விருந்தாளியைப் பார்த்து வெறும் "போங்க" சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும்? "சரி, நீயே சொல்லேன்" என்றார் அவர். ஆயிரம் பேரை மூச்சு விடாதே என்று அதட்டியவள்தான். அவளாலும் முடியவில்லை. சிலை அம்மாள் கையை நீட்டியதும் தானாகவே பற்றிக்கொண்டு "அதுக்குள்ள கிளம்பணுமா?" என்று கேட்டுவைத்தாள். சிலை அம்மாள் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

இப்படியே மழைக்காலம் வந்தது, போயிற்று. மீன் காட்சியகத்தில் புதிதாக ஒரு நட்சத்திர மீன் வந்திருப்பதாகப் பேப்பரில் போட்டிருந்ததை அவள் கத்தரித்து வைத்தாள், அதுவும் பழுத்துப்போயிற்று. அவரோடு அவள் தனியாகப் பேசி எத்தனை நாள் ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம், கூடம் நிறைய ஆட்கள் இருக்க, சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"எனக்கு என் ஞாயித்துக்கிழமை திரும்ப வேணும். இல்லைன்னா நான் எங்கக்கா வீட்டுக்குப் போயிடறேன். வாரத்துல ஏழு நாளும் உங்களைப் பார்க்காம இருக்கறதுக்கு அங்கயே இருந்துடலாம்."

கண்ணாடிக்காரர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மெதுவாக, "நாள் பூரா ஊர்ல உள்ளவங்க கண்ணையெல்லாம் பார்க்கறேன். பவர் என்னன்னு எழுதிக் குடுத்துட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன். பவர் பார்க்காம நான் பார்க்கற கண்ணு உன்னோடது ஒண்ணுதான். அதுவும் ஞாயித்துக்கிழமை மட்டும்தான். எனக்கு மட்டும் வேணாமா?" என்றார். சொல்லிவிட்டு ஈரக் கையோடு அவள் கண்ணாடியைக் கழற்றித் தன் சட்டையில் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டார்.

அவள் கோபத்தையெல்லாம் எங்கே வைத்தோம் என்று மறந்துபோனாள். காது மடல்வரை சிவந்துவிட்டது. "ச்சீ, போங்க!" என்றாள்.

வெட்கத்தில் ஒரு மனைவி சொல்லும் "போங்க"வுக்கு "இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க" என்றுதான் அர்த்தம். எந்த அகராதியிலும் போடாவிட்டாலும் புருஷன்மார்களுக்கு அது தெரியும். கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது. அந்த வீட்டில் அப்போது எந்தச் சொல்லுக்கும் நேரடி அர்த்தம் மட்டும்தான் நடப்பில் இருந்தது. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கரடி எழுந்தது, தளபதி தொப்பியை எடுத்துக்கொண்டார், சிலை அம்மாள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டார், காப்பாளர் கையிலிருந்த பிஸ்கெட்டை வைத்துவிட்டு எழுந்தார். வரிசையாக வாசலைத் தாண்டினார்கள். தெருமுனையில் எஞ்சின் கூவியது. இத்தனை மாதமாகச் சொல்ல முடியாத சொல்லை ஒரு வழியாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்துச் சந்தோஷப்படுவதற்குள், கண்ணாடிக்காரரும் கையைத் துடைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தார்.

"நீங்க எங்க போறீங்க?"

"நீதானே போங்கன்ன? கால் நிக்க மாட்டேங்குது" என்றார் அவர், திரும்பிப் பார்த்தபடி, ஆனால் நடந்துகொண்டே.

அவள் தெருவுக்கு ஓடினாள். கூப்பிட்டால் வந்துவிடுவார், அதில் சந்தேகமில்லை. "வாங்..." என்று வாயெடுத்தாள். முன்னால் போன கரடி தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றது. தளபதியின் தொப்பி பாதி திரும்பியது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நம் பேச்சில் மரியாதைக்குரிய ஒருவரும் பெருங்கூட்டமும் ஒன்றுதான், இரண்டுக்கும் "வாங்க"தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை "வாங்க, இருங்க, சாப்பிடுங்க" என்பதைத் தவிர வேறு மாதிரி அழைத்ததில்லை. சண்டையில் தட்டை வீசியபோதுகூட "பிடிங்க" என்று சொல்லித்தான் வீசினாள். இப்போது அவரை மட்டும் கூப்பிட அவளிடம் மிச்சமிருந்தது ஒரே ஓர் எழுத்து. தெருவில் எல்லா மாடியிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். எதிர் வீட்டு மாமி வேடிக்கை பார்ப்பதற்காகத் துணி உலர்த்துவதை நிறுத்தியிருந்தார். ஊர்வலம் திருப்பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் அருங்காட்சியகத்தின் வாசல். உள்ளே போய்க் கதவு சாத்திவிட்டால் அவரையும் ஞாயிறுதோறும் டிக்கெட் எடுத்துத்தான் பார்க்க வேண்டும், சுவரில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவளுக்கு அழுகை முட்டியது.

"வா" என்றாள். அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. கண்ணாடிக்காரரின் இடது கால் நின்றது. வலது கால் யோசித்துக்கொண்டே இன்னோர் அடி வைத்தது.

அவள் மூச்சை இழுத்தாள். பிடித்தாள். அசையாமல் நின்றாள். விட்டாள்.

"வாடா!"

கரடி திரும்பவில்லை. தளபதி திரும்பவில்லை. சிலை அம்மாள் திரும்பியிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர்கள் மரியாதையானவர்கள், அந்த வீட்டில் அப்படி யாரும் தங்களைக் கூப்பிட்டதில்லை என்று அறிந்தவர்கள், நேராக நடந்து திருப்பத்தில் மறைந்தார்கள். கண்ணாடிக்காரரின் இரண்டு கால்களும் ஒருசேர நின்றன. இத்தனை வருடம் தெருவிலும் கடையிலும் இந்தக் கதையிலும் "அவர்" ஆகவே இருந்தவன் திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தான். எதிர் வீட்டு மாமியின் கையிலிருந்த ஈரத்துணி மாடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, அதை எடுக்கப் போக மாமிக்குத் தோன்றவில்லை.

தெரு அதைப் பற்றிச் சில மாதம் பேசியது, பிறகு சலித்துப்போய் விட்டது. வேறு சில வீட்டு மனைவிமாரும் அதைச் சொல்லிப் பார்த்தார்கள். பலன் வீட்டுக்கு வீடு மாறியது. காப்பாளர் இப்போது அருங்காட்சியகத்திலேயே கரடியின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறார், மேலதிகாரிகள் கேட்டால் அதுவும் கண்காட்சியின் ஒரு பகுதி என்கிறார். மெழுகுத் தளபதியின் கையில் ஒரு டீ டம்ளர் இருக்கிறது. எந்தப் போரில் பிடித்தது என்று யாரும் கேட்பதில்லை.

அவர்கள் இருவரும் பழையபடி ஞாயிறுதோறும் போகிறார்கள். நட்சத்திர மீனைப் பார்த்தார்கள். அவள் படிக்கிறாள், அவன் கூடவே நடக்கிறான். கரடியின் எதிரில் நிற்கும்போது மட்டும் அவன் உதட்டை இறுக மூடிக்கொள்வான், அவள் அவன் கையைக் கிள்ளிக்கொண்டே நிற்பாள். கரடி நேரான கண்களோடு இருவருக்கும் தலையசைக்கும், பிள்ளைகள் கை தட்டுவார்கள். சாயங்காலம் வீடு திரும்பியதும் அவள் பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, வாசலில் நிற்பவனைப் பார்த்து "வா" என்கிறாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறான். அவள் கொஞ்ச நேரம் கதவைச் சாத்தாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வேறு யாரும் வருவதில்லை.