ஒரே கம்பியில் இரண்டு வலை

"அம்மா, நெட்டு அத்தை ரூம்லதான் பொறக்குதா?" என்று குட்டி ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

மாமனாருக்குச் சிரித்துப் புரையேறியது. நாத்தனார் சிரிக்கவில்லை. குட்டியின் அம்மா, அந்த வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், தட்டைப் பார்த்தபடி, "பேசாம சாப்பிடு" என்றாள்.

குழந்தை கேட்டதில் தப்பில்லை. ரூட்டர் மாடியில் நாத்தனாரின் அறையில்தான் இருந்தது. அந்த அறை எப்போதும் பூட்டியிருக்கும். சாவி அவளுடைய கைப்பையில். பழைய வீடு, தடித்த சுவர். வைஃபை படி இறங்காது. அறையிலிருந்து சுவருக்குள் புகுந்து ஒரே ஒரு கம்பி கீழே வந்தது. மாமனாரின் டிவி, வாசல் கேமரா, சின்னவளின் கணினி எல்லாம் அந்த ஒற்றைக் கம்பியை நம்பித்தான் இருந்தன.

கேமராவை வைத்தவளும் நாத்தனார்தான். காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தபடியே போனில் வாசலைப் பார்ப்பாள். சின்னவள் ஒரு காலில் செருப்பை மாட்டி மறு காலைத் தூக்குவதற்குள் போன் அடிக்கும்.

"எங்க கிளம்பிட்ட?"

"பால் தீந்துடுச்சு அண்ணி."

"சரி. வந்ததும் சொல்லு."

அவ்வளவுதான். குரல் உயர்ந்ததே இல்லை. திட்டினாலாவது அழுது தீர்க்கலாம். இதை என்ன செய்வது? சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் கணவனிடம் சொன்னால், அவன் அங்கிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே பதிலை அனுப்புவான்: "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோயேன்."

கல்யாணத்துக்கு முன் சின்னவள் ஒரு பெரிய அலுவலகத்தில் நெட்வொர்க் பிரிவில் இருந்தவள். இப்போது வீட்டிலிருந்தே செய்யும் ஒரு வேலை கூடி வந்திருந்தது. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு நோயாளிகளின் அறிக்கையாக எழுத வேண்டும். நிறுவனம் ஒரு நிபந்தனை போட்டது. நோயாளிகளின் விவரம் இருக்கும் கணினி, வீட்டு டிவி, கேமரா இவற்றோடு ஒரே நெட்வொர்க் வலையில் இருக்கக் கூடாது. தனி வலை வேண்டும், அதுவும் கம்பி வழியாக. சனிக்கிழமை மதியம் அவர்கள் ஆள் தூரத்திலிருந்தே சோதித்துப் பார்ப்பார். தேறாவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும்.

புதுக் கம்பி இழுக்கச் சுவரை உடைக்க வேண்டும். அதை அவளால் கேட்கக்கூட முடியாது. இருந்தது ஒரே வழி: ரூட்டரில் இரண்டாவது வலையை உண்டாக்கி, இரண்டையும் அந்த ஒற்றைக் கம்பியிலேயே கீழே அனுப்பி, அங்கே மேனேஜ்டு ஸ்விட்ச் என்ற, சொல்கிறபடி வலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு பெட்டியை வைத்துப் பிரித்துக்கொள்வது.

ரூட்டரின் கடவுச்சொல்லைக் கேட்டபோது நாத்தனார் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "தரேன். எதையாவது கெடுத்து வச்சியோ, அப்புறம் இருக்கு."

கடைக்காரர் முதலில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து நீட்டினார். "வீட்டுக்குத்தானே மேடம்? இது போதும். சொருகினா ஓடும். மூளையே வேண்டாம்."

"எனக்கு மூளை இருக்கறது வேணும். இது எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கலந்து விடும்."

அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பரணிலிருந்து நீளமான இரும்புப் பெட்டி ஒன்றை இறக்கினார். "பழைய ஆபீஸ் சரக்கு. இருபத்திநாலு போர்ட். எல்லா வித்தையும் தெரியும்."

"ஆன் பண்ணிக் காட்டுங்க."

போட்டதும் உள்ளே இருந்த விசிறிகள் கத்திய கத்தலில் தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார். "இத எங்க மாமனார் கட்டில் பக்கத்துல வைக்கணும்" என்றாள் சின்னவள்.

"ஐயோ, வேண்டாம். பெரியவர் ராக்கெட்ல போறதா நெனச்சுக்குவார்."

அடுத்தது பார்க்க அழகாக, சத்தமில்லாமல் இருந்தது. ஆனால் அதன் அமைப்புகளை மாற்ற, தயாரித்தவர்களின் செயலியில் கணக்குத் தொடங்கி, அவர்கள் சர்வர் வழியாகத்தான் உள்ளே போக முடியும். சின்னவள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு சாவி, இன்னொருவர் பையில். கீழே வைத்துவிட்டாள்.

கடைசியில் எடுத்தது கம்பி சொருக எட்டு போர்ட் உள்ள சின்ன இரும்புப் பெட்டி. விசிறி கிடையாது, யாரிடமும் கணக்குத் தொடங்க வேண்டாம். வீட்டுக் கணினியிலேயே அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்கலாம். எந்தப் போர்ட் எந்த வலை, எதற்கு எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் நாமே வைத்துக்கொள்ளலாம்.

பையில் போடும்போதே போன் அடித்தது. "போய் ரொம்ப நேரமாச்சே?" என்றாள் நாத்தனார்.

சனிக்கிழமை காலை மாமனார் கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, சின்னவள் கம்பிகளை மாற்றிச் சொருகினாள்.

"என் மல்யுத்தத்துக்கு எந்த ஓட்டைம்மா?"

"மூணாவது மாமா."

"நல்ல ஓட்டையா பாத்துக் குடு. போன வாரம் தூக்கின ஆளை கீழ போடறதுக்குள்ள நின்னு போச்சு. இன்னும் அந்தரத்துலதான் தொங்கறான்."

ஸ்விட்ச் சொன்னபடி கேட்டது. திரையில் அதன் அமைப்புப் பக்கத்தில் எல்லாப் போர்ட்டும் வரிசையாக இருந்தன, கேமராவின் போர்ட்டும். பக்கத்திலிருக்கும் குறியை எடுத்தால் போதும், வாசல் குருடாகிவிடும். அவள் விரல் அங்கே ஒரு கணம் நின்றது. கெடுத்து வைக்கமாட்டேன் என்றுதானே கடவுச்சொல்லை வாங்கினோம் என்று நினைத்து நகர்ந்துவிட்டாள். மனசுக்குள் இருக்கும் அந்தச் சின்னக் குரலைக் கடவுள் குரல் என்று சொல்ல, இந்தக் கதையைச் சொல்லும் நான் தயங்கமாட்டேன்.

மிச்சம் இருந்தது ரூட்டர். கீழே வரும் கம்பியில் இரண்டு வலையும் போக வேண்டும். அவள் புது வலையைச் சேர்த்தாள். ஏற்கெனவே இருந்த வீட்டு வலையையும் குறிக்க மறந்தாள். சேமித்தாள்.

எல்லாம் நின்றது. மல்யுத்தக்காரன் இன்னொருமுறை அந்தரத்தில் நின்றான்.

அவளுக்கு உடனே புரிந்தது. சாவியை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்ட கதை. புது வலையிலிருந்து ரூட்டரின் அமைப்புக்குள் நுழைய முடியாதபடி அவளே தடுத்து வைத்திருந்தாள், பாதுகாப்புக்காக. பழைய வலையோ கம்பியில் இல்லை. அந்த ரூட்டர் வைஃபையில் வருகிறவர்களை அமைப்பைத் தொட விடாது. பழைய அலுவலகத்தில் இப்படி மாற்றும்போது, தப்பினால் நேராகச் சொருகிச் சரிசெய்ய இன்னொருவர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்பார். இங்கே பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் பூட்டிய கதவு.

மாடியேறிப் போய் அந்தக் கதவின் பிடியைத் திருகிப் பார்த்தாள். பிறகு அதன்மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டாள். நாத்தனாரை அழைக்கலாம்தான். அழைத்து என்ன சொல்வது? கெடுத்துவிட்டேன் என்றா?

அழைக்கத் தேவையிருக்கவில்லை. கேமரா நின்றதைப் பார்த்த நாத்தனார், அரைநாள் வேலை முடிந்ததும் முடியாததுமாக மூச்சுவாங்க வந்து நின்றாள். "அப்பாவுக்கு ஒண்ணுமில்லயே?"

"இல்ல அண்ணி. நான்தான்... ரூட்டர்ல தப்பா மாத்திட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல சோதிக்க ஆரம்பிச்சுடுவாங்க. உங்க ரூம்குள்ள போனாத்தான் சரி பண்ண முடியும்."

நாத்தனார் மாடியேறி, கைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள்.

சின்னவள் அந்த அறைக்குள் நுழைந்ததே அன்றுதான். கட்டில், ஒரு பீரோ. வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் ஒரு நாற்காலி. அதற்கெதிரே, புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போன் நிறுத்தும் தாங்கி. நாத்தனாரின் மகள் தன் அப்பாவோடு தூரத்தில் இருக்கிறாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

கணினியை ரூட்டரில் நேராகச் சொருகி, விட்டுப்போன வலையைச் சேர்த்தாள். "இனி இத ஒருதரம் அணைச்சுப் போடணும் அண்ணி. திரும்பி வரக் கொஞ்சம் நேரமாகும்."

அந்த நேரம் பார்த்து, நாத்தனார் வந்ததும் தாங்கியில் வைத்திருந்த போன் சிணுங்கியது. திரையில் ஒரு சிறுமியின் படம்.

"சனிக்கிழமை இந்த நேரத்துலதான் அவங்க அப்பா பேச விடுவார்" என்றாள் நாத்தனார்.

"பேசுங்க அண்ணி. நான் அப்புறம்..."

"உன் சோதனை?"

சின்னவள் வாசல் பக்கம் கை காட்டினாள்.

"வாசல்ல போன் சிக்னல் வருமே அண்ணி."

"தெருவுல நின்னு அவகிட்ட பேச மாட்டேன். தெருவுல பேசற விஷயம் எங்களுக்குள்ள இல்ல." போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் அதைக் கவிழ்த்து வைத்தாள். "எப்படியும் பாதியில படம் நின்னுடும். கீழ கேமரா, டிவி எல்லாம் நெட்டை இழுத்துக்கிட்டு ஓடுதில்ல. ரொம்ப நாள் அவதான் கட் பண்ணிட்டுப் போறான்னு நெனச்சுட்டிருந்தேன். நீ அணை."

"அண்ணி..."

"அணைன்னு சொல்றேன்ல? வேல போச்சுன்னா மறுபடி என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருப்ப. ரெண்டு பேருக்கும் அது நல்லதில்ல."

சின்னவள் அணைத்தாள். பச்சை விளக்குகள் செத்தன. மறுபடி ஒவ்வொன்றாக உயிர் வரும்வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த அறையில் ஜன்னலும் பூட்டித்தான் இருந்தது என்பதைச் சின்னவள் அப்போது கவனித்தாள். பிறர் கையில் தன் சாவி இருப்பவள் தான் மட்டும்தான் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

சோதனை நல்லபடியாக முடிந்தது. வேலை கிடைத்தது. நாத்தனார் மகளை மறுபடி அழைத்தபோது, அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

வேலை தொடங்கியபின்னும் வீடு அதே வீடுதான். செருப்பை மாட்டினால் போன் அடிக்கும். அறை பூட்டியே இருக்கும். அன்று நடந்ததைப் பற்றி இருவருமே பேச்செடுக்கவில்லை. நன்றி சொல்லலாமென்று சின்னவள் வாயெடுத்தபோதெல்லாம் நாத்தனார் எழுந்து போய்விடுவாள். சில பேருக்கு நன்றியைக் கையில் கொடுக்க முடியாது. அவர்கள் பார்க்காதபோது பக்கத்தில் வைத்துவிட்டு வர வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மதியம், மகள் அழைக்கும் நேரத்தில், மேலே கதவு சாத்தும் ஓசை கேட்டது. மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். சின்னவள் ஸ்விட்சின் பக்கத்தைத் திறந்தாள். டிவியின் வேகத்தையும் கேமராவின் வேகத்தையும் கொஞ்சம் இறுக்கிக் குறைத்தாள். பிறகு தன் கணினியின் போர்ட்டுக்கு வந்தாள். இருப்பதிலேயே குறைந்த வேகத்தை அதற்கு வைத்துச் சேமித்தாள்.

அவள் எழுதி முடித்த அறிக்கை ஏற மறுத்துத் திரையில் ஊர்ந்தது. மாடியில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.