அடைப்புக்குறிக்குள் ஒரு செம்புக் கம்பி

1.

இந்தக் கதை எனக்குப் பாதிதான் கிடைத்தது. போர்ட் பிளேயரில் கப்பல் டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற செல்லம் என்பவள், பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். முக்கியமான இடத்தில் ஜன்னல் திறந்தது. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மீதியை நான் எழுத வேண்டியிருக்கிறது. எழுத்தை வயசான பிறகு கற்றவன், கடப்பாரை பிடித்த கை. மெதுவாகத்தான் போகும்.

2.

நிக்கோபாரில் கச்சால் தீவு. ரப்பர் தோட்டத்துக்காகச் சிலோனிலிருந்து வந்து குடியேறிய சனம், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த தகர வீடுகளில் இருந்தது. வீடுகளுக்குக் கரண்டு கொடுக்க, கம்பத்திலிருந்து கேபிளை இரும்புக் குழாய்க்குள் விட்டு மண்ணுக்குள் இறக்கினார்கள்.

(முதலில் "கடல் அமைதியாக இருந்தது" என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். கடலைப் பற்றி எழுத இன்னும் துணிச்சல் வரவில்லை.)

குழாயையும், கரண்டு திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியையும் செம்புக் கம்பியால் இணைக்க வேண்டாமா என்று வேலையாள் நல்லதம்பி கேட்டான். மேஸ்திரி நாகராஜ் சிரித்தார்.

"எர்த் குழிக்கு நாம காசு குடுத்து உப்பு வாங்கிப் போடுவோம். இங்க கடலே வந்து போட்டுட்டுப் போயிருக்கு. குழாய் உப்பு மண்ணுலதான நிக்குது? அதுவே எர்த்து. டீக் ஹை, எல்லாம் சரி, மூடுங்கடா."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வருஷம் அங்கே சிரிக்கக் கிடைத்தது கொஞ்சம்தான்.

ஆகவே குழாய்க்கும் நியூட்ரலுக்கும் நடுவே [                    ] ஒன்றும் இல்லை.

3.

கேபிளின் தோல் குழாயின் வாயில் உரசிக் கிழிந்தால், கரண்டு குழாயில் ஏறிக்கொள்ளும். செம்புக் கம்பி இருந்தால் ஏறியது வெள்ளமாக வந்த வழியே திரும்பி ஓடும். பியூஸ் போகும், தெரு இருளும், அவ்வளவுதான். மண் எத்தனை உப்பானாலும் கரண்டைக் கொஞ்சமாகத்தான் குடிக்கும். பியூஸுக்குச் சேதியே போகாது. குழாய் காத்துக்கொண்டு நிற்கும்.

4.

மழை விட்ட காலை. குழாயின் வாயில் கேபிளின் தோல் கிழிந்திருந்தது, யாரும் பார்க்கவில்லை. குழாயடி மண்ணிலிருந்து மண்புழுக்கள் வெளியே வந்தன. நிலமே நூல் நூலாகப் பிரிந்து குழாயை விட்டு விலகிப் போவதுபோல இருந்தது. அடியில் மெல்லிய ஆவி. சற்றுத் தள்ளிக் கோழிகள் கூடியிருந்தன.

துவைத்த துணியோடு, வெறுங்காலோடு மருதாயி வந்தாள்.

"யக்கா, ஒங்க கோழிக்குக் கல்யாண விருந்து போல" என்றாள் எதிர்வீட்டுச் செல்லம்.

"தின்னட்டும்டி. ஒன் வீட்டு வாசல்ல வந்து நிக்காம இருந்தா சரி. குழாய்ல இந்தக் கொடியக் கட்டிட்டு வர்றேன்."

ஈரக்கை நீண்டது. குழாய்க்கு ஒரு சாண் தூரம்.

டிக்கெட் ஜன்னல் திறந்தது இங்கேதான்.

5.

முதல் முடிவு: அவள் விரல் குழாயில் ப—

மாட்டேன். கடல் எடுத்தது போதும்.

இரண்டாவது: அந்த நேரம் பார்த்துப் பவர் ஹவுஸில் எஞ்சின் நின்றது. நம்பலாம், எங்கள் தீவுகளில் அடிக்கடி நிற்கும். ஆனால் எஞ்சின் மறுபடி ஓடும். மருதாயி நாளைக்கும் துவைப்பாள்.

மூன்றாவது: மத்தியானம் கண் அயர்ந்தபோது நானே செம்புக் கம்பிச் சுருளோடு அங்கே போய்விட்டேன். புழுக்கள் ஒதுங்கி வழிவிட்டன.

"யாரய்யா நீ?"

"எழுதுறவன்மா."

"எழுதுறவனுக்குக் குழாய்ல என்னா வேல?"

குழாயையும் நியூட்ரலையும் சேர்த்துக் கம்பியை முறுக்கினேன். கனவில் கரண்டு என்னைத் தொடவில்லை. எங்கோ பியூஸ் போனது. வீட்டு வரிசை முழுவதும் கரண்டு நின்றது.

"நல்லா இருந்த கரண்டக் கெடுத்துப்புட்டானே, பாவி" என்று மருதாயி கத்தினாள். உயிரோடு, வாய் நிறைய. கேட்டுக்கொண்டே நின்றேன்.

விழித்தபோது அடைப்புக்குறி காலியாகவே கிடந்தது. கனவில் முறுக்கியது தாளில் நிற்கவில்லை.

நீங்கள் இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய், அந்தக் காலி இடத்தில் கம்பியை வைத்து நன்றாக இறுக்கிவிட்டு வாருங்கள். அதுவரை மருதாயியைக் கோழிகளோடு பேசவைத்துக்கொண்டிருக்கிறேன்.