எந்தக் கூட்டமுங்க?

வீடு பார்க்கப் போன இடத்தில் வாயைத் திறந்து நல்லதாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. இது என் சட்டம். சொன்னோமோ, விலை ஏறிவிடும். பிடித்த வீடாக இருந்தால் இன்னும் கூடுதலாகவே குறை சொல்வேன். என் வீட்டுக்காரர் தேவதாசுக்கு இந்தச் சூதுவாது எதுவும் தெரியாது. "ஜன்னல் அழகா இருக்குதுங்க" என்று ஓனரிடமே போய்ச் சொல்கிற ஆள். உங்களை வைத்துக்கொண்டு ஒரு கோழிக்கூண்டுகூட வாங்க முடியாது என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். சிரிப்பார்.

எங்கள் மகள் ஜெனிஷா வீல்சேரில் இருக்கிறாள். காலேஜுக்குப் போகும்போது லாரி மோதியது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. நாங்கள் குடியிருப்பதோ காந்திபுரத்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஆள் வைத்துத் தூக்கி இறக்குவோம். மற்றபடி அவள் தெருவைத் தொட்டு வருஷம் தாண்டிவிட்டது. கீழ்வீடு வாடகைக்குக் கேட்டால் அங்கே ஓனர் இருப்பார். தப்பித்தவறி கிடைத்தாலும் பாத்ரூம் கதவில் வீல்சேர் நுழையாது. பேங்கில் லோனுக்குச் சரி என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரே வெறி. பழசோ, இடிந்ததோ, படி இல்லாத வீடு ஒன்று வேண்டும்.

பீளமேட்டில் பழைய மில்லுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது இந்த வீடு. புரோக்கர் பங்காரு கேட்டைத் திறந்ததுமே பார்த்துவிட்டேன். தெருவும் வாசலும் ஒரே மட்டம். ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் வீட்டின் படிகள் எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன. மற்றவர்கள் இதைப் பார்த்ததும் மழைத் தண்ணீர் உள்ளே வரும் என்று திரும்பிப் போயிருப்பார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "என்னங்க இது, ஊடு பள்ளத்துல கெடக்குது" என்றேன்.

வீட்டு ஓனர் வெள்ளியங்கிரி வாசலுக்கே வந்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெள்ளை வேட்டி. "வாங்க கண்ணு, வாங்க. ஏனுங்க, வழி கண்டுபுடிக்கச் சிரமமாப் போச்சுங்களா?" என்றவர், உள்ளே திரும்பி, "பொன்னாத்தா, காப்பி வையி" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

நான் வேலையைத் தொடங்கினேன். முந்தானையில் வீல்சேர் அகலத்துக்கு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். யாரும் பார்க்காத சமயத்தில் பாத்ரூம் கதவில் பிடித்துப் பார்த்தேன். தாராளமாகப் போகும். அந்தக் காலத்துக் கதவு. படுக்கையறையிலிருந்து ஹாலுக்கும், ஹாலிலிருந்து வாசலுக்கும் ஒரு தடையும் இல்லை. சந்து முனையில் பிள்ளைகள் காலேஜ் பையோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஜெனியோடு படித்தவர்கள் இந்த வழியாகத்தான் போவார்கள். சாயங்காலம் அவள் கேட்டருகே உட்கார்ந்திருந்தால் யாராவது நின்று பேசாமலா போய்விடுவார்கள்?

"வடக்குச் செவுரு பூராவும் ஓதமுங்க" என்றேன், ஈரத்தில் உப்பிப் போன சுவரைத் தட்டிக் காட்டி. "மேல காரை பேந்து கம்பி தெரியுதுங்க. குழாயில வாரது உப்புத்தண்ணி. நல்ல தண்ணிக்கு நாங்க எங்க போறதுங்க?"

வெள்ளியங்கிரி கோபித்துக்கொள்ளவில்லை. "அம்மணி கெட்டிக்காரிங்க, ஒண்ணு உடாமப் பாக்கறாங்க" என்று தேவதாசிடம் சொல்லிச் சிரித்தார். என்னைப் பற்றி இப்படிப் பேசினால் என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்காது.

"எல்லாம் கொறைச்சுக்கலாமுங்க" என்றார் பெரியவர். "பையன் சரவணம்பட்டி ஃபிளாட்டுக்கு வந்துருன்னு ஒரே புடியா நிக்கறான். நல்ல குடும்பமாப் பாத்துக் குடுத்துப்போட்டுப் போகோணும், அவ்வளவுதானுங்க. உங்களைப் பாத்தா மனசுக்குத் திருப்தியா இருக்குது. புதன்கிழமை அட்வான்ஸ் போட்டுக்கலாமுங்களா?"

"பாக்கலாமுங்க" என்று இழுத்தேன். உள்ளேயிருந்து காபி வாசம் வந்தது.

அப்போதுதான் அவர் கேட்டார், சாவகாசமாக, தேவதாசைப் பார்த்து. "ஏனுங்க, நீங்க எந்தக் கூட்டமுங்க?"

தேவதாஸ் என்ற பெயரில் சாதியோ மதமோ எதுவும் தெரியாது. அருள்செல்வி என்ற என் பெயரிலும் தெரியாது. வெறும் நெற்றியோடு போனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "டீச்சர், காய்ச்சலா?" என்று கேட்பதால், நான் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொள்வேன். அந்த மனிதர் எங்களைத் தங்கள் ஆட்கள் என்றே நினைத்துவிட்டார். கவுண்டர் வீடுகளில் கூட்டம் என்றால் குலம். எந்தக் கூட்டம் என்று தெரிந்தால் பங்காளியா மாமன் மச்சானா என்று முறை வைத்துக் கூப்பிடலாம். அதற்காகக் கேட்டார்.

என் வீட்டுக்காரர் பிறந்து வளர்ந்தது மிஷன் காம்பவுண்டில். அவருக்குத் தெரிந்த கூட்டம் ஒன்றே ஒன்றுதான். நான் அவர் கையைக் கிள்ளுவதற்குள் முகமெல்லாம் மலர்ந்து சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை உபவாச ஜெபக் கூட்டமுங்க. இந்த ஹால் நல்லாப் பெருசா இருக்குதுங்க. இங்க வந்துட்டா நம்ம ஊட்லயே வெச்சுக்கலாம். நீங்களும் வரோணுமுங்க."

பங்காரு தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறிவிட்டது.

"அப்படிங்களா. சந்தோசமுங்க. சொந்த ஊரு?"

"அவினாசிக்குப் பக்கமுங்க. தாத்தா அங்க பண்ணையத்துல இருந்தாருங்க."

"ஊருக்குள்ளயுங்களா, காலனிங்களா?"

தேவதாஸ் விழித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காலனிதானுங்க" என்றேன் நான்.

பெரியவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "பொன்னாத்தா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த அம்மாள் நிலைப்படி வரைக்கும் வந்து நின்றாள், வெறும் கையோடு. காபி வரவில்லை.

"அம்மணி சொன்னது அத்தனையும் செரிதானுங்க" என்றார் அவர், முன்பைவிட மரியாதையாக. "ஓதம் ஏறிப் போன செவுரு. மேல கம்பி தெரியுது. தண்ணியும் உப்பு. இப்படி ஒரு ஊட்டை உங்க தலையில கட்டிப்போட்டா எனக்கல்லங்க பாவம்? நீங்க நல்ல ஊடாப் பாருங்க."

"பரவால்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க. நான் சும்மா சொன்னேனுங்க, ஊடு நல்லாத்தான் இருக்குது. வெலையும் கொறைக்க வேண்டாமுங்க."

"இல்லீங்க, வேண்டாமுங்க."

என்னை நானே கேவலப்படுத்திக்கொள்ள இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் செய்தேன். "எனக்கு ஒரு பொம்பளப் புள்ளைங்க. நடக்க முடியாது. வீல்சேருங்க. படி இல்லாத ஊடு வேற எங்கயும் அமையிலீங்க. அவளுக்காகப் பாருங்க."

"அய்யோ பாவமே" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார், அதுதான் கொடுமை. "அப்படீன்னா இது ஆகவே ஆகாதுங்க அம்மணி. இந்த ஓதத்துல புள்ளைக்குச் சளி கட்டிக்கும். போயிட்டு வாங்க. புள்ளையப் பத்திரமாப் பாத்துக்கங்க."

இத்தனை 'ங்க' போட்டுக் கழுத்தை அறுக்க இந்த ஊரில்தான் முடியும். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கு வாய்க்குப் பஞ்சமில்லை. கும்பிட்டு அனுப்புகிறவரை என்ன செய்வது? நானும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

சந்து முனையில் பங்காரு வெடித்தான். "ஏனுங்க சார், நான் பேசி முடிச்சிருப்பேனுங்களே. கூட்டம்னா அவிய சாதிக்குள்ள இருக்கற குலமுங்க. சும்மா இருந்திருக்கலாமல்ல?"

தேவதாஸ் என்னைப் பார்த்தார். "நான் என்ன தப்பாச் சொன்னேன் அருளு?"

எந்த நேரமும் திட்டுகிற எனக்கு அப்போது திட்ட வரவில்லை. "நீங்க தப்பா ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் அவர் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பஸ் ஏறும் முன் சொல்லிவிட்டேன்: "ஜெனிகிட்ட இதைப் பத்தி மூச்சு உடக் கூடாது. அவளுக்குக் கால் போனது போதும்."

கதவைத் திறக்கும்போதே அவள் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டாள். தலை சீவி, பவுடர் போட்டிருந்தாள். "எப்படிம்மா இருக்குது? கேட் பக்கத்துல உக்காரலாமா? எங்க காலேஜ் பசங்க அந்தப் பக்கம் போறாங்களா?"

"ஒண்ணுக்கும் ஆகாத ஊடு" என்றேன், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "செவுரெல்லாம் ஓதம். மேல காரை பேந்து கெடக்குது. வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டோம்."

"படி இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வாய் வரவில்லை. "இல்ல" என்றேன்.

"படி இல்லையா?" அவள் முகம் கோணிக்கொண்டது. "படி இல்லாத வீட்டையா வேண்டாம்னு சொன்னே? ஓதம்னா பூசிக்கலாம்மா. எந்த வீட்டுக்குப் போனாலும் நொட்டை சொல்லித் தட்டிக் கழிக்கறே. நான் இங்கயே கெடந்து சாகணும். அதானே உனக்கு வேணும்?"

"ஜெனி, அம்மா மேல தப்பில்ல கண்ணு" என்று தேவதாஸ் தொடங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் முறைத்த முறைப்பில் நிறுத்திக்கொண்டார்.

"ஆமா" என்றேன். "எனக்குப் புடிக்கலை. என்ன இப்போ?"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. வீல்சேரைத் திருப்பி அப்பாவின் பக்கத்தில் போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வீட்டுக்கு நீ வராதேம்மா" என்றாள். "அப்பா மட்டும் போகட்டும். அப்பா யாருகிட்டயும் ஒரு வார்த்தை தப்பாப் பேச மாட்டாரு."

"சரி கண்ணு" என்றேன். "அப்பாவே போகட்டும்."