எட்டு நிமிடம் மூத்தவள்

அவர்கள் ஒரே அச்சில் வார்த்த இரட்டையர். எட்டு நிமிடம் முந்திப் பிறந்தவள் அக்கா. பிந்தியவளை நாற்பது வயதிலும் 'பொடிசு' என்றுதான் கூப்பிட்டார்கள். இருவருக்கும் இறால் உரிக்கும் கூடத்தில் வேலை. ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரெதிரே நின்று நாளெல்லாம் தலை கிள்ளி, ஓடு உரித்து, சிறு கத்தியால் குடல் கீறி எடுப்பார்கள். மேஸ்திரி அக்காவைத் திட்ட வந்து பொடிசைத் திட்டிவிட்டுப் போவதும் உண்டு.

ஒருநாள் அக்காவின் விரல் நுனிகள் சுண்ணாம்பாய் வெளுத்து, பிறகு நீலம் பாரித்தன.

"ஐஸ்ல கை விட்டா வெளுக்கத்தான் செய்யும். உன் தங்கச்சி பேசாம உரிக்கிறா பாரு," என்றார் மேஸ்திரி.

இரண்டு வருடம் களிம்பிலும் ஒத்தடத்திலும் கழிந்தது. அதற்குள் கைத்தோல் இறுகி, மடங்கிய விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. வாயையும் அகலத் திறக்க முடியவில்லை. இனி வரவேண்டாம் என்று கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் நோயைக் கண்டுபிடித்தார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தோலையும் உள்ளுறுப்புகளையும் தாக்குகிறதாம். சொல்லிக்கொண்டே கூட வந்தவளை நிமிர்ந்து பார்த்தவரின் முகம் மலர்ந்தது.

"ரெட்டைப் பிள்ளைங்களா? ஆராய்ச்சிக்கு ரெண்டு பேரு ரத்தமும் வேணும்மா."

படியிறங்கும்போது அக்கா சொன்னாள்: "நோய் எனக்கு. டாக்டருக்குச் சந்தோஷம் உன்னப் பாத்து."

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இருவரிடமும் இருந்தது.

"அப்ப எனக்கும் வருமா டாக்டர்?" என்று கேட்டாள் பொடிசு.

"சொல்ல முடியாதும்மா. இதே மரபணு ஒரு ஜனத்துல ஆபத்தக் கூட்டுது, இன்னொரு ஜனத்துல பெருசா ஒண்ணும் செய்யல. புத்தகத்துல இருக்கறதெல்லாம் வேற ஜனங்களப் பாத்து எழுதின கணக்கு. உங்க ஜனத்துல இன்னும் சரியா யாரும் எடுக்கல."

"அப்ப மருந்து மட்டும் யாரு கணக்கப் பாத்து எனக்குக் குடுக்கறீங்க?" என்றாள் அக்கா.

டாக்டரம்மா சீட்டு எழுதுவதில் மும்முரமானார்.

அதன்பின் அக்காவுக்கு ஊட்டிவிடுவது பொடிசின் வேலையாயிற்று. ஒரு காலையில், பாலில் ஊறிய ரொட்டியைக் கரண்டியில் எடுத்த கையை அக்கா மடங்கிய விரல்களில் கோத்துப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தாள். பாசத்தில் பார்க்கிறாள் என்று நினைத்தாள் பொடிசு.

"எனக்கு ஒண்ணும் வராதுக்கா, கவலப்படாத."

"நீ தூங்கும்போது தெனம் பாக்கறேன். உனக்கு ஏன் இன்னும் வரலன்னுதான் பாக்கறேன்."

அக்கா சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பொடிசு ஆறிப்போன ரொட்டியை ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போனாள். கூடத்தில் அன்று இரண்டு முறை கத்தி கையில் பட்டது.

நோய் நுரையீரலுக்கு இறங்கி, அடுத்த மழைக்கு முன் அக்கா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: ஆராய்ச்சிக்குப் பொடிசு ஆறு மாதத்துக்கொரு முறை ரத்தம் கொடுக்க வேண்டுமாம். போக வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் போனாள்.

டாக்டரம்மா கைகளை அமுக்கிப் பார்த்தார், மூச்சை இழுத்துவிடச் சொன்னார்.

"நல்ல செய்திம்மா. உங்களுக்கு ஒண்ணுமில்ல."

யாரோ திட்டியதுபோலப் பொடிசு தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த தேதியைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வெளியே வந்து, கூடத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.